‘நோட் பண்ணிக்கோங்க’ என்றால் பார்ப்பதா, எழுதுவதா?

கேளுங்கள், டீச்சர் சொல்கிறேன்

(அரசுப் பள்ளிகளில் 33 ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர்களின் ஆங்கிலச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே சொல்லைச் சுற்றி இருந்ததால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்.)

கேள்வி: வாகன உதிரிபாகம் செய்யும் ஆலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். டிராயிங்கில் ஓர் அளவு மாறியிருப்பதாக மேனேஜர் மெயில் அனுப்பினார். ‘ப்ளீஸ் டேக் நோட் ஆஃப் த ரிவைஸ்டு டைமென்ஷன்’ என்று இருந்தது. நான் ‘ஐ நோட்டீஸ்டு இட், சார்’ என்று பதில் போட்டேன். உடனே போன் வந்தது. “பார்த்தே சரி, அப்புறம் என்ன செய்யப்போறே?” என்று கேட்டார். நான் எழுதியதில் என்ன தப்பு? ‘டேக் நோட்’, ‘மேக் எ நோட்’, ‘நோட் டவுன்’ எல்லாம் ஒன்றுதானே?
– ஓசூர் வாசகர்

பதில்: தம்பி, உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்ல நினைத்தது வேறு, அவர் காதில் விழுந்தது வேறு.

பஸ்ஸில் போகும்போது வழியில் ஒரு கடை பூட்டியிருப்பது கண்ணில் படுகிறது. அதுதான் ‘நோட்டீஸ்’. நாம் தேடவில்லை, பட்டது. அதை வைத்து எதுவும் செய்யப்போவதாகவும் அந்தச் சொல் சொல்லாது. ஆகவே உங்கள் மேனேஜர் படித்தது, ‘கண்ணில் பட்டது சார்’ என்ற அளவில்தான். அளவு மாறிய ஒரு பாகத்துக்கு அந்தப் பதில் போதாது என்று அவருக்குத் தோன்றியதில் நியாயம் உண்டு.

அவர் எழுதிய ‘டேக் நோட் ஆஃப்’ என்பதற்குள் மூன்று வேலை இருக்கிறது: கவனி, மனதில் ஏற்றிக்கொள், இனிமேல் அதன்படி நட. காகிதம், பேனா எதுவும் கட்டாயமில்லை. நடுவில் ‘எ’ வராது, பின்னால் ‘ஆஃப்’ வரும். ‘மேக் எ நோட் ஆஃப்’ என்று சொல்லியிருந்தால் எங்காவது எழுதி வை என்று பொருள். அங்கே ‘எ’ வேண்டும். ‘நோட் டவுன்’ என்பதும் எழுதுவதுதான். போன் நம்பர், முகவரி, வண்டி எண் மாதிரி இப்போதே கையோடு குறித்துக்கொள்ள வேண்டியவற்றுக்கு அது பொருத்தம். எழுதாமல் மனதில் மட்டும் குறித்துக்கொண்டால் ‘ஐ மேட் எ மென்ட்டல் நோட்’ என்று சொல்லலாம். நல்ல பிரயோகம், தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

இந்தக் குழப்பம் நமக்கு வருவதற்குக் காரணம் ஆங்கிலம் இல்லை. நம்முடைய ‘நோட் பண்ணு’தான் காரணம். கல்யாண வீட்டில், “அவங்க கழுத்துல புதுச் செயின், நோட் பண்ணியா?” என்றால் பார்த்தாயா என்று பொருள். “நம்பரை நோட் பண்ணிக்கோ” என்றால் எழுதிக்கொள். “நான் சொன்னதை நோட் பண்ணிக்கோ” என்றால் மறக்காதே. “ரெண்டு நாளா அந்த ஆள் நம்ம வீட்டையே நோட் பண்றான்” என்றால் கண்காணிக்கிறான். நான்கு வேலைக்கும் நமக்கு ஒரே சொல். கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் இவை நான்கும் நான்கு சொல்: ‘நோட்டீஸ்’, ‘நோட் டவுன்’, ‘டேக் நோட் ஆஃப்’, ‘வாட்ச்’. நம்மை ஒருவன் நோட்டம் பார்ப்பதை ‘ஹி இஸ் நோட்டிங் மீ’ என்று எழுதினால் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குப் புரியாது.

நம்மிலும் எல்லா நேரமும் இடம் பார்த்துப் புரிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். சில வருடங்களுக்கு முன் என் அம்மாவை மூச்சுத் திணறலுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இரவு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், “மூச்சு எப்படிப் போகுதுன்னு நைட்டெல்லாம் நோட் பண்ணிக்கோங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தேன். கண் கொட்டவில்லை. அம்மாவின் நெஞ்சு ஏறி இறங்குவதையே விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் டாக்டர் வந்து கையை நீட்டினார். “எழுதினதைக் காட்டுங்க, நிமிஷத்துக்கு எத்தனை?” என் கையில் ஒன்றும் இல்லை. 33 வருடம் இந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தவள், அம்மாவின் கட்டில் பக்கத்தில் அதை விட்டுவிட்டேன் என்று அன்றைக்கு முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

டாக்டர் கோபப்படவில்லை. ஒரு நிமிடம் வாட்ச்சைப் பார்த்து எண்ணுவது எப்படி என்று காட்டினார். பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருந்தால் சரி, கூடிக்கொண்டே போனால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள் என்றார். மறுநாள் இரவு மருந்துக் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். 10 மணி – 26. 12 மணி – 24. 2 மணி – 24. 4 மணி – 21. அம்மா தேறி வீட்டுக்கு வந்தார். அந்தப் பில் இன்றும் என் பீரோவில் இருக்கிறது.

அன்றிலிருந்து நான் தமிழிலும் பிரித்தே சொல்கிறேன். பார்க்க வேண்டியதைப் பாருங்கள் என்கிறேன், எழுத வேண்டியதை எழுதுங்கள் என்கிறேன். உங்கள் ஷிப்ட்டில் அடுத்தவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது நீங்களும் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.

சரி, மேனேஜருக்கு என்ன எழுதியிருக்கலாம்? ‘ஐ ஹேவ் நோட்டட் த சேஞ்ச். வி வில் செக் டு த நியூ டைமென்ஷன் ஃப்ரம் த நெக்ஸ்ட் பேட்ச்.’ முதல் வாக்கியத்தைவிட இரண்டாவதுதான் அவருக்கு வேண்டியது. அடுத்த பேட்ச்சிலிருந்து புது அளவு என்று தெரிந்தால் அவர் நிம்மதியாகச் சாப்பிடப் போவார்.

கேள்வி: எங்கள் வங்கிக் கிளையில் மேலதிகாரி எது அனுப்பினாலும் ‘நோட்டட்’ என்று ஒரே சொல்லில் பதில் போடுவேன். புதிதாக வந்த பெண் ஊழியர், அது மரியாதைக் குறைவு என்கிறார். உண்மையா?
– திண்டுக்கல் வாசகி

பதில்: சொல்லில் அவமரியாதை இல்லை அம்மா. ஆனால் தனியாக நிற்கும்போது கதவைச் சாத்துகிற சத்தம் அதில் கேட்கத்தான் செய்கிறது. தகவல் மட்டும் வந்திருந்தால், அதாவது ‘நாளை மீட்டிங் 11 மணிக்கு’ என்கிற மாதிரி, ‘நோட்டட், தேங்க் யூ’ போதும். ஒருவர் நாலு பத்தி எழுதித் தன் கஷ்டத்தைச் சொல்லியிருக்கும்போது ‘நோட்டட்’ என்று போட்டால், படித்தேன், அதற்குமேல் ஒன்றுமில்லை என்று அவருக்குப் படும்.

‘ட்யூலி நோட்டட்’ என்று சிலர் எழுதுகிறார்கள். கூட்டக் குறிப்பேட்டில் அது சரி. ஆளுக்கு ஆள் எழுதும்போது குத்தலாகத் தொனிக்கக்கூடும். தவிர்ப்பது நல்லது.

கேள்வி: ‘ப்ளீஸ் பி நோட்டட் தட்’ என்று எங்கள் அலுவலகச் சுற்றறிக்கை எல்லாவற்றிலும் வருகிறது. சரியா?
– வேலூர் வாசகர்

பதில்: தவறு. நோட் செய்ய வேண்டியவர் படிப்பவர். ‘பி நோட்டட்’ என்றால் படிப்பவரையே யாரோ குறித்துக்கொள்வதாக ஆகிவிடுகிறது. ‘ப்ளீஸ் நோட் தட்’ என்று எழுதுங்கள். ‘ப்ளீஸ் பி இன்ஃபார்ம்டு தட்’ என்பது சரியான வாக்கியம், அதைப் பார்த்துத்தான் இது முளைத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கேள்வி: “எழுதி வெச்சுக்கோ, இந்தப் பையன் பெரிய ஆளா வருவான்” என்று தாத்தா சொல்வார். இதை ஆங்கிலத்தில் ‘நோட் டவுன், திஸ் பாய்…’ என்று எழுதியதற்கு என் பேராசிரியர் சுழித்துவிட்டார்.
– பாளையங்கோட்டை கல்லூரி மாணவி

பதில்: சுழித்தது சரிதான் பாப்பா. உங்கள் தாத்தா உண்மையில் யாரையும் பேனா எடுக்கச் சொல்லவில்லை. நான் சொல்வது நடக்கும், அன்றைக்கு என்னை நினைத்துக்கொள் என்கிறார். இதற்கு ஆங்கிலத்தில் ‘மார்க் மை வேர்ட்ஸ்’ என்று தனியாக இருக்கிறது. இங்கே ‘மார்க்’ என்பது மதிப்பெண் இல்லை, கூர்ந்து கவனி என்று பொருள். ‘மார்க் மை வேர்ட்ஸ், திஸ் பாய் வில் கோ ஃபார்’ என்றால் தாத்தாவின் குரல் அப்படியே வந்துவிடும்.

அவர் சொன்ன பையன் உங்கள் தம்பியா, அண்ணனா என்று எழுதவில்லையே!

கேள்வி: மருமகள் சென்னையில் வளர்ந்தவள், வீட்டில் பாதி ஆங்கிலம். ஒருநாள் நான், “அன்னிக்கு நடந்ததை மனசுல வெச்சுக்காதே” என்றேன். அவள் சிரித்துக்கொண்டே ‘ஐ வோன்ட் கீப் இட் இன் மைண்ட்’ என்றாள். எனக்கு எங்கோ இடித்தது. சரியாகத்தான் சொன்னாளா?
– கும்பகோணம் வாசகி

பதில்: உங்களுக்கு இடித்தது சரியான இடத்தில்தான். நம்முடைய ‘மனசில் வைத்துக்கொள்’ என்பதற்கு இரண்டு முகம் உண்டு. “நாளைக்குப் பால்காரருக்குப் பணம் தரணும், மனசுல வெச்சுக்கோ” என்றால் மறவாதே. “எப்போதோ சொன்னதை மனசுல வெச்சுக்கிட்டு இப்படிப் பண்றான்” என்றால் வன்மம், மனத்தாங்கல். ஒரே தொடருக்குள் இந்த இரண்டையும் வைத்து நாம் நூற்றுக்கணக்கான குடும்பச் சண்டைகளைப் பேசித் தீர்த்திருக்கிறோம்.

ஆங்கிலத்தில் ‘கீப் இன் மைண்ட்’ என்பதற்கு முதல் முகம் மட்டும்தான். ‘பேர் இன் மைண்ட்’ என்பதும் அதேதான், கொஞ்சம் அலுவலகச் சாயல், அவ்வளவே. ஆகவே உங்கள் மருமகள் சொன்னதை ஓர் ஆங்கிலேயர் கேட்டிருந்தால், ‘அதை நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன்’ என்று புரிந்துகொண்டு, எதற்கு இதைச் சொல்கிறாள் என்று யோசித்திருப்பார். மனத்தாங்கலுக்கு அவர்கள் சொல்வது ‘ஐ வோன்ட் ஹோல்டு இட் அகெய்ன்ஸ்ட் யூ’. உங்களுக்கு எதிராக அதைப் பிடித்து வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பொருள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் தமிழில் யோசித்துத்தான் அந்த ஆங்கிலத்தைப் பேசியிருக்கிறாள். நீங்கள் சொன்னது அவளுக்கு முழுசாகப் புரிந்திருக்கிறது. வாக்கியத்தை மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம், அந்தச் சிரிப்பை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘நோட்டம் விடுகிறான்’ என்கிறோமே, அந்த ‘நோட்டம்’ ஆங்கில ‘நோட்’டிலிருந்து வந்ததுதானே? நோட்டரி, நோட்டா எல்லாம் ஒரே குடும்பமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: நல்ல கேள்வி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நோட்டம் நம்முடையது. காசு நல்லதா கள்ளக் காசா என்று சோதிப்பதை நோட்டம் என்றும், சோதிப்பவரை நோட்டக்காரர் என்றும் சொல்லி வந்திருக்கிறோம். கன்னடத்தில் பார்ப்பதற்கு ‘நோடு’ என்பார்கள். முதல் கேள்வி கேட்ட ஓசூர்த் தம்பி பெங்களூருக்குப் போனால் தெருவுக்குத் தெரு ‘நோடி’ என்று கேட்பார், அது ‘பாருங்கள்’. இந்தக் குடும்பத்துக்கும் ஆங்கில நோட்டுக்கும் ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

ஆங்கில ‘நோட்’ லத்தீன் ‘நோட்டா’விலிருந்து வந்தது. பொருள், அடையாளக் குறி. பாருங்கள், நம்மிடமும் குறி என்ற சொல்லிலிருந்துதான் குறிப்பு வந்திருக்கிறது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்காமலே ஒரே வழியில் நடந்திருக்கிறார்கள். புத்தகங்களில் ‘என்.பி.’ என்று போடுவார்களே, அது ‘நோட்டா பெனே’, நன்றாகக் கவனி. நோட்டரியும் இந்தக் குடும்பம்தான். ரோமாபுரியில் ‘நோட்டாரியஸ்’ என்றால் சுருக்கெழுத்தில் குறிப்பு எடுப்பவர். ரோமானியப் பேச்சாளர் சிசரோவின் செயலாளராக இருந்த டைரோவின் பெயரால் ஒரு சுருக்கெழுத்து முறையே உண்டு. கோர்ட்டு வாசலில் பெட்டிக்கடை அளவு அறையில் முத்திரையோடு உட்கார்ந்திருக்கும் நம்மூர் நோட்டரியின் பட்டப் பெயருக்கு அவ்வளவு வயது. ஓட்டு மெஷினில் 2013-இல் வந்த நோட்டா மட்டும் வேறு. அது ‘நன் ஆஃப் தி அபவ்’ என்பதன் முதலெழுத்துகள்.

இன்னொன்று. தமிழில் குறிப்பு என்றால் எழுதி வைப்பது மட்டும் இல்லை, வாய்விட்டுச் சொல்லாமல் உணர்த்துவதும்கூட. திருக்குறளில் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் உண்டு, 71-ஆவதும் 110-ஆவதும். அங்கே குறிப்பு என்பது முகத்தையும் கண்ணையும் பார்த்து மனதை அறிவது. இந்தப் பொருளுக்கு ஆங்கிலத்தில் ‘நோட்’ உதவாது. ‘ஹின்ட்’ என்று போக வேண்டும். ‘ஹி குட் நாட் டேக் எ ஹின்ட்’ என்றால், குறிப்பால் உணர்த்தியும் அவனுக்குப் புரியவில்லை.

கேள்வி: ‘டேக் நோட்ஸ்’, ‘டேக் டவுன்’ வித்தியாசம்? நான் இந்த ஆண்டுதான் ஆசிரியர் பணியில் சேர்ந்தேன்.
– கோவில்பட்டி வாசகி

பதில்: வாழ்த்துகள் டீச்சர். நான் சேர்ந்த முதல் வாரம் எட்டாம் வகுப்பில் ‘டேக் நோட்ஸ்’ என்றேன். ஐம்பது பிள்ளைகளும் பைக்குள் கைவிட்டு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? நமக்கு நோட்டு என்றால் நோட்டுப் புத்தகம், எடு என்றால் எடு. அவ்வளவு கீழ்ப்படிதலாக யாரும் அதற்கப்புறம் எனக்கு நடந்துகொண்டதில்லை.

‘டேக் நோட்ஸ்’ என்றால் கேட்டு, எது முக்கியமோ அதைத் தன் சொல்லில் சுருக்கமாக எழுதுவது. ‘டேக் டவுன்’ என்றால் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவது. என் அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஷார்ட்ஹேண்ட் படித்தாள். மாஸ்டர் வாசிக்க, நிமிடத்துக்கு 80 சொல் வேகத்தில் பென்சில் ஓடும். அது ‘டேக் டவுன்’. நம் வகுப்பறைகளில் நடப்பதும் பெரும்பாலும் அதுதான், பெயர் மட்டும் நோட்ஸ். கடையில் வாங்கும் நோட்ஸை ஆங்கிலத்தில் ‘கைடு’ அல்லது ‘ஸ்டடி கைடு’ என்று சொல்லச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒன்று செய்து பாருங்கள். பத்து நிமிடம் பாடம் சொல்லும்போது யாரும் பேனா எடுக்கக் கூடாது. அப்புறம் ஐந்து நிமிடம், நினைவில் நின்றதை மட்டும் எழுதட்டும். முதல் வாரம் இரண்டு வரிதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஓய்வுபெற்ற தபால்காரன் நான். ஊர் நூலகத்தில் பழைய ஆங்கிலத் தொகுப்பு ஒன்றின் முகப்பில் ‘வென் ஃபவுண்ட், மேக் எ நோட் ஆஃப்’ என்று இருந்தது. ‘ஆஃப்’ என்று முடிந்து நிற்கிறதே, அச்சுப் பிழையா?
– காரைக்குடி வாசகர்

பதில்: அச்சுப் பிழை இல்லை ஐயா. உங்கள் கையில் கிடைத்தது ‘நோட்ஸ் அண்ட் குவெரீஸ்’ என்ற லண்டன் இதழின் தொகுப்பாக இருக்க வேண்டும். 1849 நவம்பரில் வில்லியம் ஜான் தாம்ஸ் என்பவர் தொடங்கினார். நாட்டார் வழக்காற்றுக்கு ஆங்கிலத்தில் ‘ஃபோக்லோர்’ என்று பெயர் வைத்தவரும் அவரே. வாசகர்கள் தாங்கள் கண்ட சின்னச் சின்னச் செய்திகளை எழுதி அனுப்புவார்கள், சந்தேகம் கேட்பார்கள், வேறு வாசகர்கள் பதில் எழுதுவார்கள். இந்தப் பகுதிக்கு அது பெரியம்மா முறை. இன்றும் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வருகிறது.

அந்த வாசகம் சார்லஸ் டிக்கன்ஸின் ‘டோம்பி அண்ட் சன்’ நாவலில் வரும் கேப்டன் கட்டில் அடிக்கடி சொல்வது. ஒரு கைக்குப் பதில் இரும்புக் கொக்கி மாட்டிய பழைய மாலுமி. பள்ளிக்கூட இலக்கணத்துக்குள் அடங்காத பேச்சு. முறைப்படி ‘மேக் எ நோட் ஆஃப் இட்’ என்று வர வேண்டும். அவர் ‘இட்’டை விழுங்கிவிட்டார். ‘வென் ஃபவுண்ட்’ என்பதும் ‘வென் இட் இஸ் ஃபவுண்ட்’ என்பதன் சுருக்கம். கிடைத்ததும் குறித்து வை, அவ்வளவுதான் பொருள். ஆனால் நாம் எழுதும்போது ‘இட்’டை விட்டுவிடக் கூடாது. நாவல் மாலுமிக்குக் கிடைக்கும் சலுகை தேர்வுத்தாளில் கிடைக்காது.

அந்தத் தொகுப்பு எந்த ஆண்டுடையது என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை நூலகம் போகும்போது முகப்புப் பக்கத்தில் பார்த்து, கையோடு எழுதிக்கொண்டு வந்து எனக்கு ஒரு கார்டு போடுங்கள். இந்தியாவைப் பற்றி யாராவது கேட்டிருக்கிறார்களா என்றும் புரட்டிப் பாருங்கள் ஐயா.